முகம் பாராத விசுவாசம்: கிறிஸ்தவத்தில் பட்சபாதம் என்பது என்ன?

கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதிதாக அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் திரித்துவம், பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல் போன்ற பெரிய போதனைகளிலிருந்து தொடங்குகிறார்கள். ஆலயத்துக்குள் வருகிற ஒருவரை எந்த இடத்தில் உட்காரவைப்பது என்ற சிறிய கேள்வி அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம், அதாவது கடிதம், இந்தச் சிறிய கேள்வியைத்தான் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு சபை தரும் விடையைக் கொண்டே அதன் விசுவாசத்தை எடைபோடுகிறது. பணக்காரரையும் ஏழையையும் வேறுபடுத்தி நடத்துவது நாகரிகக் குறைவு என்ற அளவில் நில்லாமல், விசுவாசத்துக்கே முரணாகிறது என்று அந்த நிருபம் ஏன் கருதுகிறது என்பதை இக்கட்டுரை எளிய முறையில் விளக்க முயல்கிறது.

இந்த நிருபத்தை எழுதியவர் இயேசுவின் சகோதரரும் எருசலேம் சபையின் தலைவருமாகிய யாக்கோபு என்பது திருச்சபையின் மரபு. அவர் கி.பி. 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவுசெய்திருக்கிறார். நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், இயேசு கிறிஸ்துவின்மேலுள்ள விசுவாசத்தைப் பட்சபாதத்தோடு பற்றிக்கொள்ளாதிருங்கள் என்ற அறிவுரையோடு தொடங்கி, உடனே ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. சபை கூடியிருக்கும் இடத்துக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரமும் உடலில் மினுக்கான உடையும் அணிந்திருக்கிறார். மற்றவர் அழுக்கேறிய கந்தை உடுத்தியிருக்கிறார். முதலாமவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. இரண்டாமவருக்கு, அங்கே நில் அல்லது என் பாதபடியருகே தரையில் உட்கார் என்ற கட்டளை கிடைக்கிறது.

ரோமப் பேரரசில் பொன் மோதிரம் வெறும் அணிகலன் அன்று; செனட்டர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்பின் அடையாளச் சின்னமாகவும் அது விளங்கியது. ஆகவே அந்த மோதிரம் பணத்தையும் செல்வாக்கையும் ஒருசேர அறிவிக்கிறது. இருவருக்குமே எங்கே அமர வேண்டும் என்று சொல்லவேண்டியிருப்பதால், அவர்கள் சபைக்குப் புதியவர்களாக இருந்திருக்கலாம். அவர்களுடைய குணமோ பக்தியோ அங்கிருந்த எவருக்கும் தெரியாது. தெரிந்தது துணி மட்டுமே. அந்தத் துணியை வைத்தே ஒரு தீர்ப்பு எழுதி முடிக்கப்படுகிறது.

இந்தப் பகுதியைத் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது. கிரேக்க மூலத்தில் இருவரையும் முன்னிலை ஒருமையில், ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். அம்மொழியில் அப்போது மரியாதைக்கென்று தனி முன்னிலைச் சொல் கிடையாது. ஆனால் நமது பழைய மொழிபெயர்ப்பில் பணக்காரரிடம், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்றும், ஏழையிடம், "நீ அங்கே நில்லு" என்றும் இருக்கிறது. மூலத்தில் "ஐயா" என்ற விளியும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காட்சி தமிழில் நடந்தால் எப்படி நடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இருக்கையைக் காட்டுவதற்கு முன்பே, வாயிலிருந்து விழும் "நீர்" என்பதும் "நீ" என்பதும் ஆளுக்கு ஆள் இடம் ஒதுக்கிவிடுகின்றன. பட்சபாதம் பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்யப்படுவதில்லை என்பதற்கும், யோசிக்காமல் வரும் சொல்லிலேயே அது குடியிருக்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பட்சபாதம் என்ற வடசொல்லுக்கு ஒரு பக்கமாகச் சாய்தல் என்பது பொருள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு இதையே, "ஆள்பார்த்துச் செயல்படாதீர்கள்" என்று நல்ல தமிழில் சொல்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லோ, முகம் என்ற சொல்லையும் ஏற்றுக்கொள்ளுதல் என்ற வினையையும் சேர்த்து உருவானது. அதற்கு அடிப்படை ஓர் எபிரெய வழக்கு. உயர்ந்தவர்முன் ஒருவர் முகங்குப்புற விழுந்து பணியும்போது, அவருடைய முகத்தைத் தூக்கி நிமிர்த்துவது அவரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். முகத்தை உயர்த்துதல் என்ற இவ்வழக்குக்கு நல்ல பொருளும் உண்டு. ஆனால் நியாயம் விசாரிக்கும் இடத்தில் அது, வழக்கைப் பாராமல் வழக்காடும் ஆளின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைக் குறித்தது. தமிழ் வேதாகமம் சில இடங்களில் இதை முகதாட்சிணியம் என்று மொழிபெயர்க்கிறது. ஒருவரை நேரில் கண்டால் மறுத்துப் பேச முடியாமல் போகும் அந்தத் தயக்கத்தை நாமும் தாட்சண்யம் என்றுதானே சொல்கிறோம்? வேதாகமம் குறிப்பிடும் குறையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இந்த எண்ணத்தின் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் மூத்த மகனுடைய தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு, இவனே அடுத்த அரசன் என்று எண்ணியபோது, "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற பதில் அவருக்குக் கிடைத்தது (1 சாமுவேல் 16:7). உபாகமம் 10:17 கடவுளைத் தேவாதி தேவன் என்று போற்றிவிட்டு, அவர் பட்சபாதம் செய்கிறவரும் அல்லர், பரிதானம், அதாவது லஞ்சம், வாங்குகிறவரும் அல்லர் என்கிறது; அடுத்த வசனமே அவர் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய்து, அந்நியனுக்கு உணவும் உடையும் தருகிறவர் என்கிறது. லஞ்சம் கொடுக்க முடியாதவர்கள் யார் யார் என்று எண்ணிப்பார்த்தால், இந்த இரண்டு வசனங்களும் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்பது புரியும்.

ஆயினும் யாக்கோபு நேரடியாகச் சார்ந்திருக்கும் பகுதி லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். அதன் 15-ஆம் வசனம், நியாயவிசாரணையில் சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும் பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதிலிருந்து மூன்று வசனங்கள் தள்ளி, 18-இல், உன்னைப்போலப் பிறனையும் நேசி என்ற புகழ்பெற்ற கட்டளை வருகிறது. யாக்கோபு இந்தப் பதினெட்டாம் வசனத்தை எடுத்துக்காட்டி, அதை ராஜரிகப் பிரமாணம், அதாவது அரச சட்டம், என்று அழைத்து, பட்சபாதம் செய்கிறவர் அந்தப் பிரமாணத்தை மீறியவர் என்கிறார். நாம் பொதுவாக அயலாரை நேசிப்பதை இதயத்தின் மென்மையாகவும், பாரபட்சமின்மையை நீதிமன்றத்தின் கண்டிப்பாகவும் பிரித்துப் பார்க்கிறோம். லேவியராகமத்தில் அவை ஒரே பக்கத்தில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவரைத் தரையில் உட்காரச் சொல்வது யாக்கோபின் காதில் முரணாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் வசனத்தில் கவனிக்கவேண்டிய இன்னொரு சொல் "மகிமை". யாக்கோபு இயேசுவை மகிமையுள்ள கர்த்தர் என்று குறிப்பிட்ட அடுத்த வரியில் மினுக்கான உடையைப் பற்றிப் பேசுகிறார். இந்த அடுக்கு தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. மகிமை எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. தச்சருடைய வீட்டில் வளர்ந்து, சிலுவையில் உடை பறிக்கப்பட்டு இறந்த ஒருவரே மகிமையின் கர்த்தர் என்று அறிக்கையிடும் மக்கள், மோதிரத்தின் பளபளப்பைக் கண்டதும் எழுந்து இடம் தருவார்களானால், அவர்கள் வாயால் சொல்வது ஒன்றும் கண்ணால் நம்புவது வேறொன்றுமாக இருக்கிறது. பவுல் வேறு சொற்களில் இதே இடத்துக்கு வருகிறார்: கிறிஸ்து ஐசுவரியமுள்ளவராயிருந்தும் மற்றவர்களுக்காகத் தரித்திரரானார் என்று 2 கொரிந்தியர் 8:9-இல் எழுதுகிறார். ஏழையை அவமதிப்பது ஒழுக்கப் பிழையாக மட்டும் நின்றுவிடாமல் விசுவாசப் பிழையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

யாக்கோபு இவ்வளவு உயரமான வாதத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. நடைமுறை அறிவையும் கொஞ்சம் கிண்டலோடு எடுத்து நீட்டுகிறார். உங்களை ஒடுக்குகிறவர்கள் யார், நியாயாசனங்களுக்கு முன்பாக இழுத்துச் செல்கிறவர்கள் யார், அந்தப் பணக்காரர்கள்தானே என்று கேட்கிறார். அதாவது, எவருடைய தயவு வேண்டும் என்று முதல் இருக்கையைத் துடைத்துக் கொடுக்கிறார்களோ, அதே வகுப்பாரால்தான் அவர்கள் நசுக்கப்படுகிறார்கள். நிருபத்தைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஏழைகளே இன்னொரு ஏழையைத் தரைக்கு அனுப்புகிறார்கள் என்பது அக்காட்சியின் கூடுதல் வேதனை. பட்சபாதம் பணக்காரருக்கு மட்டும் உரிய நோய் என்று எவரும் நிம்மதியடைய முடியாது.

இங்கே புதிதாகப் படிப்பவர் ஒருவர் நியாயமான ஐயத்தை எழுப்பக்கூடும். கடவுள் உலகத்தின் தரித்திரரை விசுவாசத்தில் ஐசுவரியவான்களாகத் தெரிந்துகொண்டார் என்று யாக்கோபு அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தில் சொல்கிறாரே, அது ஏழைகள் பக்கமாகச் சாய்வது ஆகாதா? இந்தக் கேள்வி இருபதாம் நூற்றாண்டிலும் சூடாக விவாதிக்கப்பட்டது. இலத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1968-இல் மெதெயினிலும் 1979-இல் புவெப்லாவிலும் கூடியபின், ஏழைகளுக்கு முன்னுரிமை என்ற கோட்பாடு திருச்சபையின் பொதுப்பேச்சில் இடம்பிடித்தது. இதற்கு வேதாகமம் தரும் விடை இரண்டு பக்கமும் கூர்மையுள்ளது. ஒருபுறம், வழக்கிலே தரித்திரனுடைய முகத்தையும் பார்க்கக் கூடாது என்று யாத்திராகமம் 23:3 திட்டமாகச் சொல்கிறது. ஏழை என்பதற்காகவே அவருடைய பொய் உண்மையாகிவிடாது. மறுபுறம், உலகம் ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கையில் எவரும் கவனிக்காதவரைத் தேடிச் சென்று கவனிப்பது சாய்வைக் கூட்டுவதாகாது, அதைக் குறைக்கிறது. என் எண்ணத்தில், தீர்ப்புச் சொல்வதையும் உதவி செய்வதையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த ஐயம் பெரிதாகத் தோன்றுகிறது. தீர்ப்பில் இருவருக்கும் ஒரே அளவுகோல். உதவியோ தேவைக்கு ஏற்றபடி.

எல்லாரையும் சமமாக நடத்துவது எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதாகிவிடாது என்பதைப் பழைய ஏற்பாட்டின் காணிக்கை ஒழுங்குகளும் காட்டுகின்றன. இஸ்ரவேலர் தொகையிடப்படும்போது ஒவ்வொருவரும் ஆத்தும மீட்புக்காக அரைச் சேக்கல் தரவேண்டும்; பணக்காரர் அதற்கு அதிகமாகவும் தரக்கூடாது, ஏழை அதற்குக் குறைவாகவும் தரக்கூடாது (யாத்திராகமம் 30:15). உயிரின் மதிப்பு என்று வரும்போது வேறுபாடே இல்லை. ஆனால் குழந்தை பெற்ற தாய் செலுத்தவேண்டிய பலியில், ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லையென்றால் இரண்டு காட்டுப்புறாக்களோ இரண்டு புறாக்குஞ்சுகளோ போதும் என்று லேவியராகமம் 12:8 இடங்கொடுக்கிறது. இயேசு பிறந்தபின் மரியாளும் யோசேப்பும் எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுசென்றதாக லூக்கா 2:24 குறிப்பிடுவது இந்த ஏழைகளின் பலியைத்தான். மீட்பின் கிரயத்தில் ஒரே தொகை, சுத்திகரிப்பின் பலியில் அவரவர் சக்தி என்ற இந்த ஒழுங்கை எவர் யோசித்து வகுத்தாலும் வியக்கத்தக்கதே.

சுவிசேஷங்களில் இயேசுவை எதிர்த்தவர்களே, அவர் எவருடைய முகத்தையும் பார்த்துப் பேசுகிறவர் அல்லர் என்று சொல்ல நேர்ந்தது (மாற்கு 12:14). அவர்கள் அதை அவரைச் சிக்கவைக்கும் முகஸ்துதியாகச் சொன்னாலும் உண்மை அதுதான். அவர் பணக்காரர்களை விலக்கவில்லை. மிகுந்த சொத்துள்ள ஒருவர் ஓடிவந்து முழங்கால்படியிட்டபோது, இயேசு அவரைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு 10:21 எழுதுகிறது. அந்த அன்போடுதான், உனக்குள்ளவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற கடினமான சொல்லையும் அவரிடம் சொன்னார். செல்வருக்குக் கசப்பான உண்மையைச் சொல்லாமல் விடுவதும் முகம் பார்ப்பதே என்பதை இங்கே கவனிக்கலாம். நன்கொடை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் அடக்கிவைக்கப்படும் போதனை அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தபோது இயேசு, அதிகம் போட்ட செல்வர்களைக் கண்டித்ததாக மாற்கு எழுதவில்லை. இரண்டு காசு போட்ட விதவையைச் சீடர்களுக்குச் சுட்டிக்காட்டி, எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்றார். ஐசுவரியவான், லாசரு உவமையிலோ வாசலில் கிடந்த ஏழைக்குப் பெயர் இருக்கிறது. விருந்துண்ட செல்வனுக்குப் பெயரே இல்லை. உலகத்தின் வழக்கம் நேர் எதிரானது.

தொடக்ககாலச் சபைகள் இதில் தவறாமல் நடந்தன என்று நினைத்துவிடக் கூடாது. கொரிந்து சபையில் கர்த்தருடைய இராப்போஜனத்தின்போதே ஒருவர் பசியாகவும் இன்னொருவர் குடித்து வெறித்தும் இருந்தார்கள் என்று பவுல் கடிந்துகொள்கிறார் (1 கொரிந்தியர் 11:21). சபை கூடியது வசதியுள்ளவர்களின் வீடுகளில். ரோமர் காலத்து வீட்டின் விருந்தறையில் சிலரே சாய்ந்து உண்ண முடியும், மற்றவர்கள் முற்றத்தில் இருக்கவேண்டியிருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். விருந்தினரின் தகுதிக்கேற்ப வெவ்வேறு தரமான உணவும் மூன்று வகைத் திராட்சரசமும் பரிமாறிய ஒருவரைப் பற்றி ரோம எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்தில் வெறுப்போடு எழுதியிருப்பதால், அது அக்காலத்தில் வழக்கமாக இருந்த நடைமுறைதான் என்று தெரிகிறது. கொரிந்தியர் தீய எண்ணத்தோடு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் இருந்த பந்தி முறையை அப்படியே சபைக்குள் கொண்டுவந்தார்கள். பவுலின் கண்ணில் அதுவே போதுமான குற்றம். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களோ என்று கேட்டு, போஜனத்துக்குக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று மிக எளிய தீர்வைச் சொல்கிறார்.

பிற்காலத்திலும் இதே கதை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்கள் தங்கள் இருக்கைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டன. அதிக வாடகைக்கு நல்ல இருக்கை. வாடகை தர முடியாதவர்களுக்கு ஓரத்திலோ பின்வரிசையிலோ இலவச இடம். ஆலயச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது என்பது உண்மைதான், அதை நடத்தியவர்கள் யாக்கோபின் நிருபத்தைப் படிக்காதவர்களும் அல்லர். இதை எதிர்த்த குரல்களும் எழுந்தன. 1860-இல் நியூயார்க் மாநிலத்தில் உருவான சுயாதீன மெதடிஸ்ட் திருச்சபை, இருக்கைகள் எல்லாருக்கும் இலவசம் என்பதைத் தன் அடையாளக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்துக்கொண்டது.

முதியவருக்கு எழுந்து இடம் கொடுப்பதும், பொறுப்பிலுள்ளவருக்கு உரிய மரியாதை தருவதும், உதவியவருக்கு நன்றி சொல்வதும் பட்சபாதம் ஆகா. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்வதும் அதே லேவியராகமம் 19-ஆம் அதிகாரமே. மரியாதையைக் குறைத்து எல்லாரையும் ஒரே தாழ்ந்த மட்டத்துக்குக் கொண்டுவரும்படி யாக்கோபு கேட்கவில்லை. பணக்காரருக்கு இருக்கை தந்ததற்காகவும் அவர் கண்டிக்கவில்லை. அதே இருக்கை மற்றவருக்கு மறுக்கப்பட்டதே அவர் சுட்டும் குற்றம்.

மீண்டும் அந்தக் காட்சிக்குத் திரும்பினால், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் மூன்றாம் ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார். ஏழையிடம், என் பாதபடியருகே உட்கார் என்று சொல்கிறவர் அவர். அவருக்கு ஏற்கெனவே ஓர் இருக்கை உண்டு. காலை வைத்துக்கொள்ள ஒரு படியும் உண்டு. யாக்கோபு அந்தப் பணக்காரரிடமோ ஏழையிடமோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முழுப் பகுதியும் இவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் தொகுக்கப்பட்ட திதஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல் இந்த மூன்றாம் ஆளை மறக்கவில்லை. உலகில் மதிப்புப் பெற்ற ஒருவர் ஆராதனைக்கு நடுவே உள்ளே வந்தால், ஆயர் அவருக்காகத் தம் போதனையை நிறுத்தி எழக்கூடாது. சகோதரர்களில் ஒருவர் அவருக்கு இடம் ஏற்பாடு செய்தால் போதும் என்கிறது அந்நூல். ஆனால் ஏழையான ஒருவரோ, அதிலும் வயது முதிர்ந்தவரோ வந்து, அவருக்கு இடமில்லாமல் போனால், ஆயர் அவருக்கு முழுமனதோடு இடம் உண்டாக்கித் தரவேண்டும். அதற்காகத் தாமே தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி.